கோட்டை மேட்டுத் தொட்டில்

ஆகஸ்ட் 24

துருக்கி வந்து சேர்ந்தாயிற்று. இரண்டு விமானம் மாறி, அப்புறம் மாப்பிள்ளை இல்கர் வண்டியில் மலையைச் சுற்றிச் சுற்றி வந்ததில் குடல் வாய்க்கு வந்துவிட்டது. ஊர்ப் பெயர் தாஷ்லிமான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் குன்று, குன்றின் உச்சியில் இடிந்துபோன ஒரு கோட்டை. நடுவில் கொஞ்சம் வீடுகள். கோவில்பட்டியில் ஒரு தெருவுக்குக் காணாது.

சுடர் வாசலில் நின்றாள். வயிறு நன்றாக முன்னே தள்ளியிருக்கிறது, கன்னமெல்லாம் பூரித்துப்போய்க் கிடக்கிறது. "ஏட்டி, தரை சில்லுன்னு இருக்கு, செருப்பில்லாம நிக்கியே" என்று ஒரு அதட்டல் போட்டேன். பி.டி. டீச்சராகவே காலம் தள்ளியவளுக்கு அதட்டல்தான் முதலில் வரும்.

தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும். அவ்வளவு தூரம் பறக்கக் கூடாது என்று அவளுடைய டாக்டர் சொல்லிவிட்டார். தாய்வீடு நகராவிட்டால் தாய் நகர வேண்டியதுதான். அவள் அப்பா இருந்திருந்தால் அவரும் வந்து கோட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டு திரிவார்.

விமான நிலையத்தில் ஒரு பையன் சுக்குப்பொடி டப்பாவைத் திறக்கச் சொன்னான். திறந்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். தும்மிக்கொண்டே போகச் சொல்லிவிட்டான். பிள்ளை பெற்றவளுக்குக் காயம் என்கிற லேகியம் கிண்ட வேண்டிய பொடி அது. சமையல்கட்டில் வைக்கவில்லை, என் பெட்டியிலேயே இருக்கட்டும். யாரும் தொட வேண்டாம் என்று சுடரிடமும் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 26

சம்பந்தியம்மா நெஜ்லா அடுத்த வீடுதான். விதவை, என்னைப் போல. எனக்குத் துருக்கி தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் வாய் ஓயாமல் பேசுகிறாள். சுடர் நடுவில் உட்கார்ந்து பாதியைச் சொல்லுகிறாள், பாதியை முழுங்குகிறாள்.

இன்று மடியிலிருந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தாள். மஞ்சள் கம்பளியில் பின்னிய காலுறை ஒரு ஜோடி. என் கட்டைவிரலுக்குத்தான் சரியாக இருக்கும்.

பிறக்கும் முன்னே பிள்ளைக்கு ஒரு நூல்கூட வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது, பெயர்கூட வாய்விட்டுச் சொல்லக் கூடாது. எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கண்ணேறு எங்கிருந்து வரும் என்று யார் கண்டது? பழைய வேட்டியைக் கிழித்து வைக்கலாம், அது வேறு. புதுசு ஆகாது.

"மூஞ்சிய அப்படி வைக்காதம்மா. அவங்க ஆசையாப் பின்னிருக்காங்க."

"ஆசை இருக்கலாம்ட்டி. பிள்ளை கைக்கு வந்த பிறகு இருக்கட்டும்."

காலுறையை அலமாரியின் மேல்தட்டில், கண்ணில் படாதபடி வைத்தேன். நெஜ்லா சிரித்தபடியே இருந்தாள். நான் பத்திரப்படுத்துவதாக நினைத்திருப்பாள்.

ஆகஸ்ட் 30

இன்று நெஜ்லா என்னைக் கோட்டைக்குக் கூட்டிப்போனாள். வழியெல்லாம் கல்லும் முள்ளும். அவள் ஆடு மாதிரி ஏறுகிறாள். ஒரு பி.டி. டீச்சர் பின்தங்கலாமா? மூச்சு வாங்குவதைக் காட்டிக்கொள்ளாமல் ஏறினேன்.

உதுமானிய சுல்தான்கள் காலத்துக் கோட்டையாம். கடற்கொள்ளைக்காரர்களைக் கண்காணிக்கக் கட்டினார்கள் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். இப்போது கண்காணிப்பது ஆடுகள்தான். வாசல் வளைவு மட்டும் முழுசாக நிற்கிறது. உள்ளே கூரையில்லாத அறைகள், தண்ணீர் வற்றிய தொட்டி, பீரங்கி நீட்டுகிற ஓட்டைகள். ஓட்டை வழியே பார்த்தால் ஊர் முழுக்கத் தெரிகிறது. வீடுகள், படகுத் துறை, மாப்பிள்ளை எஞ்சின் பழுது பார்க்கிற கொட்டகை, குன்றின் அடியில் கல்லறைத் தோட்டம்.

கோட்டைக்குள் மதிலோரமாக ஒரு பெரியவரின் சமாதி, நம் ஊர் தர்கா மாதிரி. பக்கத்தில் வயசான ஆலிவ் மரம். அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். கிளையெல்லாம் துணித் தொட்டில்! கைக்குட்டையில் கட்டிய குட்டித் தொட்டில், ஒவ்வொன்றிலும் பிள்ளைக்குப் பதில் ஒரு கூழாங்கல். எங்கள் இசக்கியம்மன் கோயில் வேம்பில் தொங்குமே, அதேதான்! இத்தனை கடல் தாண்டி, இடிந்த கோட்டைக்குள், இசக்கியின் தொட்டில்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நெஜ்லா பயந்துபோனாள். நான் மரத்தைக் காட்டி, என்னைக் காட்டி, கையால் தொட்டில் ஆட்டிக் காட்டினேன். "எவெத், எவெத்" என்று என் தோளை அடித்துச் சிரித்தாள். ஆமாம் என்று அர்த்தமாம்.

முந்தானையில் ஒரு துண்டு கிழித்தேன். கல்லை அவள் பொறுக்கித் தந்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு தொட்டில் கட்டினோம். பிள்ளை பிறந்து சுடர் எழுந்ததும் மூன்று பேரும் வந்து அவிழ்ப்போம் என்று வேண்டிக்கொண்டேன். தப்பு, நான்கு பேர்.

செப்டம்பர் 4

மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது. வெயிலில் வைத்தேன், போர்வை போர்த்தினேன். கடைசியில் தோசையாக ஊற்றிவிட்டேன். மாப்பிள்ளை ஆறு தின்றார். "அம்மா, சாப்டாச்சா?" என்று கேட்கப் பழகியிருக்கிறார். ஏழாவதைத் தட்டில் போடும்போதும் அதையே கேட்கிறார்.

செப்டம்பர் 9

நேற்று மதியத்திலிருந்து வயிற்றில் அசைவே இல்லை என்கிறாள் சுடர். தூங்குகிறதாக இருக்கும் என்றேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம்.

செப்டம்பர் 11

பெண். உயிர் இல்லை.

செப்டம்பர் 12

கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னதாக மாப்பிள்ளை இங்கிலீஷில் சொன்னார். சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். நோவு எடுக்கவைத்து, எல்லாப் பிள்ளையையும் போலத்தான் அதையும் பெற்றாள். கத்தவில்லை. நான் தலைமாட்டில் நின்றேன்.

முடி நிறைய இருந்தது.

ஆண்கள் மட்டும் கொண்டுபோய்க் குன்றடியில் புதைத்துவிட்டு வந்தார்கள். எங்கள் ஊரிலும் சின்னப் பிள்ளையைப் புதைக்கத்தான் செய்வார்கள், பொம்பளைகள் போக மாட்டார்கள். எல்லாம் ஒன்றுதான். மாப்பிள்ளையின் செருப்பில் செம்மண் அப்பியிருந்தது. அதைக் கழுவுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலிலேயே விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 14

இன்று காலையில் நெஜ்லா சூப் கொண்டுவந்தாள். சுடர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நெஜ்லா அவள் தலைமாட்டில் உட்கார்ந்து ஏதோ சொல்லி அழுதாள். எனக்குள்ளே என்ன ஏறியதோ தெரியவில்லை. அலமாரி மேல்தட்டிலிருந்த காலுறையை எடுத்து அவள் மடியில் போட்டேன்.

"பிறக்கும் முன்னே காலுக்குப் பின்னுவியா? கண்ணு பட்டுப்போச்சு. இப்ப நிம்மதியா? எடுத்துட்டுப் போ!"

தமிழ்தான். ஆனால் அந்தக் குரலுக்கு எந்த ஊரிலும் அர்த்தம் ஒன்றுதானே. மைதானத்தின் அந்தக் கோடிக்கும் கேட்கிற குரல். நெஜ்லா காலுறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சுடர் சுவரிலிருந்து திரும்பவில்லை. அப்படியே கிடந்தபடி சொன்னாள்.

"நான்தாம்மா பின்னச் சொன்னேன். கலர்கூட நான்தான் சொன்னேன்."

அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 15

பால் கட்டிக்கொண்டுவிட்டது. மார்பு கல்லாகி, தொட்டால் துடிக்கிறாள். இந்தப் பாலுக்கு யார் இருக்கிறார்கள்? நம் ஊரென்றால் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டிப் பால் வற்ற வைப்போம். இங்கே எந்த மார்க்கெட்டில் போய்ப் பூ கேட்பேன்?

வேறு வழியில்லை. நேற்று அப்படிப் பேசிய வாயோடு நெஜ்லா வீட்டு வாசலில் போய் நின்றேன். கையை மார்பில் வைத்துக் காட்டினேன், சுடர் வீட்டைக் காட்டினேன், விரலைக் குவித்துப் பூ மாதிரி முகர்ந்து காட்டினேன். என்ன விளங்கியதோ, கதவைச் சாத்திவிட்டாள். வேண்டியதுதான் என்று திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் வந்தாள். தலைத்துணியைக் கழற்றி மூட்டையாகக் கட்டியிருந்தாள். அவிழ்த்தால், உள்ளே முழுக்க மல்லிகை. ஊரில் எந்தெந்த வீட்டு வேலியில் கொடி இருக்கிறதோ அத்தனையிலும் ஏறிப் பறித்திருக்கிறாள். கையெல்லாம் கீறல். வெறும் தலையோடு தெருவில் வந்திருக்கிறாள், எப்போதும் துணி இல்லாமல் வெளியே வராதவள்.

இரண்டு பேரும் சேர்ந்து கட்டிவிட்டோம். வீடு முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

செப்டம்பர் 18

மிளகு ரசம். சுடர் இரண்டு கரண்டி சாப்பிட்டாள்.

பெற்ற உடம்புக்குக் காயம் கொடுத்தே ஆக வேண்டும். வயிறு காலியாகிவிட்டது என்று உடம்புக்குத் தெரியவா போகிறது? சுக்குப்பொடி டப்பாவைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். திறக்கவில்லை. திரும்ப வைத்துவிட்டேன். இங்கேயே கடையில் சுக்கு கிடைக்கிறதா என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். "உங்களிடம் இருக்கிறதே அம்மா?" என்றார். அது நமுத்துப்போய்விட்டது என்றேன்.

செப்டம்பர் 22

தினமும் காலையில் கோட்டைக்கு ஏறுகிறேன். நடை இல்லாவிட்டால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். மேலே ஏறியதும் வடக்கு மதிலில் இரண்டாவது பீரங்கி ஓட்டை அருகே கொஞ்சம் உட்காருவேன். காற்று நன்றாக வரும்.

அந்த ஓட்டை வழியே கல்லறைத் தோட்டத்தின் ஓரம் தெரிகிறது. புது மண் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. ஆடு ஏதும் வந்து மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தால் நல்லது.

மரத்துப் பக்கம் போகவில்லை.

அக்டோபர் 3

இன்று என் இடத்தில் நெஜ்லா உட்கார்ந்திருந்தாள்.

அவளும் இந்த ஓட்டைக்குத்தான் வருகிறாளா! நான் வந்து போன பிறகு வருவாளாயிருக்கும். இன்று மழைத்தூறலில் எனக்கு நேரமாகிவிட்டது. என்னைப் பார்த்து எழப் போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவள் மடியில் மஞ்சள் நூலுண்டை. கையில் அந்தக் காலுறை. ஒன்றை முழுக்கப் பிரித்துவிட்டாள். இரண்டாவதின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தாள். கண்ணாடி போடாததாலோ என்னவோ, நுனி அகப்படவில்லை.

யாரும் அவளுக்கு மொழிபெயர்க்கவில்லை. இருந்தும் பிரிக்கிறாள். நான் சொன்னது அவளுக்கு அத்தனையும் விளங்கியிருக்கிறது. தான் பின்னியதால்தான் போயிற்று என்று ஒரு பொம்பளை இந்த இடிந்த மதிலில் உட்கார்ந்து, நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். பாவி நான்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ஒற்றைக் காலுறையை அவளுடைய சட்டைப் பையில் நானே வைத்தேன். குடுவையிலிருந்து டீ ஊற்றித் தந்தாள். பால் இல்லாத டீ, மகா கசப்பு. குடித்தேன்.

அக்டோபர் 10

சுடர் எழுந்து நடமாடுகிறாள். என்னோடும் பேசுகிறாள், வேலைக்காரியிடம் பேசுவதுபோல. "உப்பு எங்க?" "கதவைச் சாத்து." முந்தாநாள் மாப்பிள்ளையிடம் ஏதோ சொல்ல, அவர் வெளியே போய்ப் படகுக் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார். என்னடி சொன்னே என்று கேட்டேன்.

"இனி பிள்ளையே வேண்டாம்னேன். வேணும்னா வேற கல்யாணம் பண்ணிக்கோன்னேன்."

"வாயைக் கழுவு! என்ன பேச்சு பேசுத?"

"நீ படிச்சுப் படிச்சுச் சொன்னே. நான் கேட்கலை. ஆசைப்பட்டு அவங்களைப் பின்னச் சொன்னேன். என் கையாலயே எம்பிள்ளையை அனுப்பிட்டேன்."

"அடியே, அது கொடி சுத்தினது. டாக்டர் சொல்லலியா? நான் ஏதோ வயித்தெரிச்சல்ல உளறினேன். அதெல்லாம் சும்மாட்டி."

"சும்மான்னா அன்னைக்கு ஏம்மா அவங்களை அப்படிக் கேட்டே?"

பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தேன்.

அக்டோபர் 16

சனிக்கிழமை ஊருக்குக் கிளம்ப வேண்டும். இவளை இப்படியே விட்டுவிட்டா போவேன்? இந்த நினைப்போடு இவள் கிடந்தால், மாப்பிள்ளை எத்தனை நாள் கொட்டகையில் படுப்பார்? அவளாகத்தான் தன்னை மன்னிக்க வேண்டும். நான் ஆயிரம் சமாதானம் சொன்னாலும் அவளுக்கு ஏறாது. ஏறுகிற மாதிரி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை எடுக்கத்தான் கை வரவில்லை.

இரண்டு தடவை டப்பாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

அக்டோபர் 17

எழுதிவிடுகிறேன்.

காலையில் சுடரிடம், "வா, கோட்டைக்குப் போவோம். ஊருக்குப் போகும் முன்னே தொட்டிலை அவிழ்க்கணும்" என்றேன். என்ன தொட்டில் என்றாள். சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை குன்றின் பின்பக்கத்துப் பாதை வழியே வளைவு வாசல்வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். அவர் வண்டியிலேயே இருந்துகொண்டார். நெஜ்லா எங்களோடு வந்தாள். நான் பையில் சுக்குப்பொடி டப்பாவை வைத்திருந்தேன்.

முதலில் அந்த ஓட்டைக்குக் கூட்டிப்போனேன். சுடர் கீழே பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை. அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். மண்மேல் புல் முளைத்திருந்தது. மதில் கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதும் அழவில்லை. நெஜ்லா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பிறகு மரத்தடிக்கு வந்தோம். மழையில் என் முந்தானைத் துணி சாயம் போயிருந்தது. கல் அப்படியே இருந்தது. நான் அவிழ்க்கக் கை நீட்டினேன். "தொடாதம்மா" என்றாள் சுடர்.

சரி என்று கையை எடுத்து, டப்பாவை அவளிடம் கொடுத்தேன்.

"திற."

"இங்க எதுக்கு சுக்குப்பொடி?"

"திறட்டி. உள்ளே கையை விடு."

விட்டாள். பொடிக்குள் துழாவினாள். வெள்ளிக் கொலுசு ஒரு ஜோடி, சரட்டில் கோத்தது, பொடி அப்பி வந்தது. மூன்று மணி உள்ள கொலுசு. ஊதினாள். பொடி பறந்து எங்கள் மூன்று பேருக்கும் தும்மல் வந்தது.

"இது எப்பம்மா வாங்கினே?"

"நீ நாள் தள்ளிப்போச்சுன்னு போன் பண்ணினியே. அன்னைக்கு சாயங்காலமே."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. காலுறை பின்னியது ஆகஸ்டில்தான்.

"இத ஒளிச்சு வெச்சுக்கிட்டா அன்னைக்கு அவங்களை அப்படிக் கேட்டே?"

"ஆமா."

"நூல்கூட வாங்கக் கூடாதுன்னு என்னைப் போட்டுப் படுத்தினே!"

"ஆமாட்டி. சொல்லிக்கிட்டே வாங்கினேன். கடைக்காரன் பொம்பளப் பிள்ளையான்னு கேட்டான். ஆமான்னு வாயாலயே சொன்னேன். எனக்கு ஆசை தாங்கலைட்டி."

அவள் உதடு கோணியது. சின்னப் பிள்ளையில் கபடியில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு என்னிடம் ஓடிவரும்போது அப்படித்தான் கோணும். நான் அப்போதெல்லாம் எழுந்து ஓடு என்றுதான் விரட்டுவேன்.

"அப்ப என்னால இல்லையாம்மா?"

"உன்னால இல்ல. யாராலயும் இல்லன்னு டாக்டர் சொல்லுதா. உனக்கு அது ஏறலைன்னா, என்னாலன்னே வெச்சுக்கோ. முதல்ல வாங்கினவ நான். உன்னால இல்லடி எங்கண்ணே."

அவ்வளவுதான். கொலுசை மார்போடு பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பெற்றபோது கத்தாத கத்தலெல்லாம் அப்போது கத்தினாள். கோட்டை முழுக்கக் கேட்டிருக்கும். ஆடுகள் மிரண்டு ஓடின. மாப்பிள்ளை வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவரைக் கண்டதும் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அவரும் உட்கார்ந்து அழுதார். இத்தனை நாளும் அவர் அழுது நான் பார்க்கவில்லை.

நெஜ்லாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்சம் அடங்கியதும் சுடர் அவளிடம் துருக்கியில் சொன்னாள். கொலுசைக் காட்டிச் சொன்னாள், என்னைக் காட்டிச் சொன்னாள். நான் தலை குனிந்து நின்றேன். அறைந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நெஜ்லா என்னருகே வந்தாள். சட்டைப் பையிலிருந்து அந்த ஒற்றைக் காலுறையை எடுத்து, என் கையைப் பிரித்து, அதில் வைத்து மூடினாள். ஏதோ சொன்னாள். சுடர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள், "உங்களுக்கும் பேத்திதானேன்னு சொல்லுதாங்க."

தொட்டிலை யாரும் அவிழ்க்கவில்லை. காலுறையைக் கல்லுக்குப் போர்த்திவிட்டாள் சுடர். ஒரு கொலுசை நெஜ்லா துணியோடு சேர்த்துக் கட்டினாள். கடல் காற்றுக்கு மணி லேசாகச் சத்தம் போட்டது. இன்னொரு கொலுசைச் சுடர் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். அதை என்ன செய்யப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 18

இன்று காயம் கிண்டினேன். பொடி நமுக்கவே இல்லை, நல்ல காரம். சுடர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டாள். நெஜ்லாவுக்கும் ஓர் உருண்டை கொடுத்தேன். "எவெத், எவெத்" என்று கண்ணில் நீர் வர முழுங்கினாள். மாப்பிள்ளை வீட்டில்தான் படுத்திருக்கிறார்.

அக்டோபர் 19

விமான நிலையம். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அதே டப்பா, இப்போது காலி. உள்ளே என்ன இருந்தது என்று கேட்டாள் ஒரு பெண், இங்கிலீஷில். சுக்கு என்று சொல்ல வந்தேன்.

என் பேத்தியின் கொலுசு என்றேன். அவள் பெயர் என்ன என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். இவ்வளவு நாளும் நான் வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள்ளேயே வைத்திருந்த பெயரைச் சொன்னேன்.